கோழிக்குஞ்சை வெளிக்கூண்டில் விடும் காலம்: மரக்காணம் கரையோரத்தார் கவனத்திற்கு

நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இனம், தீனி, மருந்து என்னும் மூன்றையே பெரிதும் எடுத்துரைப்பர். இம்மூன்றும் அவசியமானவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், குஞ்சு பொரித்த நாள் முதல் பெட்டை முட்டையிடத் தொடங்கும் நாள் வரையுள்ள சுமார் ஆறு மாத காலத்தில், முதல் வாரத்திற்கு அடுத்தபடியாக நஷ்டம் நேரக்கூடிய கட்டம் ஒன்றுண்டு. வீட்டினுள் செயற்கைச் சூட்டில் வளர்ந்த குஞ்சுகளை வெளிக்கூண்டிற்கு மாற்றும் இரண்டொரு வாரமே அது. உள்நாட்டுக் கிராமங்களில் இம்மாறுதல் ஒருவாறு எளிதாய் நடந்துவிடலாம். மரக்காணம் முதலிய உப்பளக் கரையோரத்திலோ, காற்று, மழை, உவர் ஆகிய மூன்றையும் ஒருங்கே எதிர்த்து அது நடைபெற வேண்டியிருக்கிறது.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயம் இது: குஞ்சை வெளியில் விடும் நாளை அதன் வயதைக் கொண்டு மட்டும் நிர்ணயித்தல் தவறு, அதன் இறகையும் நம் கரையின் பருவத்தையும் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். ஆகையால் இக்கரையோரக் கிராமங்களுக்கு வரும் குஞ்சுகள் தைப் பொங்கல் கழிந்த பின் வருமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எட்டு வாரம் நிரம்பாத குஞ்சு எதனையும் வெளிக்கூண்டில் விடலாகாது. இதனைக் குடியானவர்களும், கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும் ஆலோசித்து ஏற்றுக்கொள்வார்களென நம்புகிறோம்.

இதனை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பெருக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 2018-19-ஆம் நிதியாண்டில் 77,000 ஏழைப் பெண்களுக்குத் தலா 50 குஞ்சுகள் வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது. பின்னர் வந்த திட்டத்தில், நான்கு வார வயதுள்ள 40 குஞ்சுகளைப் பாதி விலைக்குத் தரும் முறை ஏற்பட்டது. நான்கு வாரம் என்பது குஞ்சு வெப்பக்கூண்டிலிருந்து வெளியேறும் தறுவாயில் இருக்கும் வயது. பண்ணையின் பொறுப்பு அத்துடன் முடிந்து, வீட்டாரின் பொறுப்பு தொடங்குகிறது. அதாவது, மிகவும் ஆபத்தான மாறுதல், அதில் மிகக் குறைந்த பழக்கமுள்ளவர் கையில் வந்து சேர்கிறது. குஞ்சை வாங்குகிறவர் தம் பங்காகப் பாதி விலையைக் கொடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் குஞ்சுகள் மடியுமாயின் அந்தப் பணம் போவதோடு, கோழி வளர்ப்பிலுள்ள நம்பிக்கையும் போய்விடும்.

முதலில் குஞ்சின் உடல் தன்மையை அறிதல் அவசியம். பொரித்த குஞ்சின் மேலுள்ளது பஞ்சு போன்ற தூவியேயன்றி இறகன்று. அது தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தியை முதல் இரண்டு மூன்று வாரங்களில் முற்றும் பெறுவதில்லை. அதனாலேயே வெப்பக்கூண்டில் முதல் வாரம் 35 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வைத்து, வாரந்தோறும் ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டு வருகிறோம். இவ்வாறு குறைத்தால் ஆறாம் வாரத்தில் அது 21 டிகிரி அளவில் வந்து நிற்கும். நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை தூவி உதிர்ந்து இறகு மூடுகிறது. முதலில் சிறகும் வாலும், பிறகு மார்பும் முதுகும், கடைசியில் கழுத்தும் தலையும் இறகு கொள்ளும். முதுகிலும் மார்பிலும் தூவி தெரியும் வரையில் அது வீட்டுக் குஞ்சே, வெளிக்குஞ்சு அன்று. ஒரே நாளில் பொரித்தவற்றுள்ளும் சில முந்தும், சில பிந்தும். பிந்தியவற்றைப் பிரித்து மேலும் ஒரு வாரம் உள்ளே வைத்தல் நலம்.

கரையோரத்தில் தை மாத இரவுகளில் உஷ்ணம் சுமார் 21 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். ஆறு வாரக் குஞ்சு தாங்கக்கூடிய அளவும் அதுவே. ஆகவே நம் கரையில் குஞ்சைக் கொல்வது குளிர் மட்டுமன்று. ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். உலர்ந்த இறகு தன்னுள் காற்றை அடக்கி வைத்துக் கம்பளி போல் உடலைக் காக்கும். நனைந்த தூவியோ உடலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை வெளியே விட்டுவிடும். அந்நிலையில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவியும். அடியிலிருப்பவை மூச்சு முட்டி மாளும். காலையில் கூண்டைத் திறப்பவர் நோய் வந்ததென எண்ணுவார். நோய் அன்று, நனைந்த ஓர் இரவே காரணம்.

இனி நமது பருவத்தைப் பார்ப்போம். தமிழகக் கரையோரத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்கிறது. அண்மையில் இப்பக்கத்தைத் தாக்கிய புயல்களை நினைவுகூர்க. ‘தானே’ 2011 டிசம்பர் 30-இல் வந்தது. ‘நிவர்’ 2020 நவம்பர் 25 இரவில் கரையைக் கடந்தது. ‘மாண்டஸ்’ 2022 டிசம்பர் 9-இல் வந்தது. ‘பெஞ்சல்’ 2024 நவம்பர் 30-இல் வந்தது. இந்நான்கில் மூன்று கார்த்திகையிலும் ஒன்று மார்கழியிலும் நிகழ்ந்தன. பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. கழுவேலி ஏரி நிரம்பி, உப்பளங்கள் நீரில் மூழ்கி, தாழ்ந்த தெருக்களில் முழங்கால் நீர் நிற்கும் அக்காலத்தில், ஐந்து வாரக் குஞ்சை வெளிக்கூண்டில் வைத்துக் காப்பாற்றுதல் பழகியவர்க்கும் அரிது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ‘உப்பளத் தொழில் ஏறக்குறைய ஜனவரியில் தொடங்கி மழை வரும் வரையில் நடப்பது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தொழிலாளர் வேலையின்றி இருக்கின்றனர். அவர்களுக்கு மழைக்கால உதவியாக ரூ.5,000 தரும் ஏற்பாட்டைக்கூட அரசு 2021-22-இல் செய்திருக்கிறது. வேலையற்ற அம்மாதங்களிலன்றோ அவ்வீட்டுப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு உதவியாகும்? அளத்தில் வேலை தொடங்கும் தை மாதத்தில் கொடுத்தால் கவனிப்பதற்கு ஆளேது?’ என்று கேட்பர். கேள்வி நியாயமானதே.

ஆனால் குஞ்சு வேறு, கோழி வேறு. மழைக்காலத்தில் கையில் இருக்க வேண்டியது தீனியும் சூடும் கேட்கும் குஞ்சன்று. முட்டையும் பணமும் தரும் கோழியே. கணக்கிட்டுப் பாருங்கள். மார்கழி முற்பாதியில் பொரித்த குஞ்சு, தைப் பொங்கலுக்குப் பின் நான்கு வார வயதில் வீடு வந்து சேரும். மாசியில் இறகு மூடி வெளிக்கூண்டில் அமரும். சித்திரை, வைகாசியில் சேவல்கள் விற்கும் எடையை அடையும். ஆனி, ஆடியில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும். புரட்டாசியில் பலர் புலால் நீக்குவதால் கோழியின் விலை இறங்குவதும், அம்மாதம் கழிந்து தீபாவளி வரும் ஐப்பசியில் அது ஏறுவதும் யாவரும் அறிந்ததே. அவ்வேளையில் வீட்டில் நான்கைந்து சேவல்களும் முட்டையிடும் பெட்டைகளும் இருக்குமாயின், அளம் மூடிய மாதங்களில் அடுப்பு எரியும். ஐப்பசியில் குஞ்சு வாங்கியவருக்கோ அவ்வைப்பசியில் செலவும் கவலையுமே மிச்சம்.

கவனிப்பதற்கு ஆளில்லை என்பதற்கும் விடையுண்டு. அள வேலை பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிவது. குஞ்சை வெளியே விடுவதற்குரிய நேரமோ பனி உலர்ந்த பின்னரே. அளத்திலிருந்து திரும்பியபின் குஞ்சை வெளியே விட்டுப் பொழுது சாயுமுன் அடைத்தல் கூடாத காரியமன்று.

மற்றோர் ஆட்சேபம் நிர்வாகத்தைப் பற்றியது. நிதியாண்டு மார்ச்சு 31-இல் முடிகிறது. பொரிப்பகங்கள் வருஷமுழுதும் வேலை செய்கின்றன. எல்லா ஒன்றியங்களுக்கும் ஒரே மாதத்தில் குஞ்சு தருதல் இயலாது என்பர். மெய்யே. ஆனால் எல்லா ஒன்றியங்களுக்கும் தையில் தரும்படி நாம் கேட்கவில்லை. மழை குறைந்த உள்நாட்டு ஒன்றியங்களுக்கு முன்னும், கரையோரத்திற்குப் பின்னும் என வரிசையை மாற்றினால் போதும். தையும் மாசியும் மார்ச்சு 31-க்கு முந்தியவையே. எனவே நிதியாண்டுக்குப் பங்கம் நேராது. வரிசையை மாற்ற இயலாத ஆண்டில், கரையோரத்திற்குரிய குஞ்சுகளை எட்டு வாரம் வரை பண்ணையிலேயே வளர்த்துத் தருவது இரண்டாவது வழி. அதனால் தீனிச்செலவு ஏறும் என்பது உண்மை. செத்த குஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

இனி மாற்றும் முறையைச் சுருக்கமாய்க் கூறுவோம். இதில் தாய்க்கோழியே நமக்கு ஆசிரியை. அது குஞ்சுகளை ஒரே நாளில் வெளியே தள்ளிவிடுவதில்லை. வெயில் ஏறியதும் அழைத்துச் செல்கிறது. தூறல் விழுந்தால் சிறகில் ஒடுக்கிக்கொள்கிறது. பருந்தின் நிழல் கண்டால் குரல் கொடுக்கிறது. வெப்பக்கூண்டில் வளர்ந்த குஞ்சுக்கு இம்மூன்றும் இல்லையாதலால் அவற்றை நாமே செய்தல் வேண்டும்.

குஞ்சு வீடு வந்த முதல் வாரம் உள்ளறையிலேயே இருக்கட்டும். இரவில் மட்டும் சூடு தருக. 40 குஞ்சுகளுக்கு இவ்வயதில் 60 வாட்டு குண்டு பல்பு ஒன்று அநேகமாய்ப் போதும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது என்பதை மறத்தலாகாது. குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருங்கினால் சூடு போதவில்லை. விலகி ஓரங்களில் வாய் திறந்து நின்றால் சூடு மிகுதி. அறை முழுதும் பரவிப் படுத்திருந்தால் சரியான அளவு. இரண்டாம் வாரத்தில், பனி உலர்ந்தபின் உலர்ந்த தரையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து இரண்டு மணி நேரம் வெளியில் வைத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுக. அதே வாரத்தில் இரவு விளக்கையும் படிப்படியாய்க் குறைத்து நிறுத்துக. விளக்கின்றி மூன்று நான்கு இரவுகள் குவியாமல் உறங்கினவாயின், அக்குஞ்சுகள் மாற்றத்திற்குத் தயார் என அறிக.

மாற்றுவது காலையில் இருத்தல் வேண்டும். மாலையில் மாற்றினால் புதிய இடத்தின் இருளில் மிரண்டு குவியும். முதல் நான்கைந்து நாட்கள் வெளிக்கூண்டினுள்ளேயே அடைத்து வைத்தால் அதனைத் தம் வீடென்று அறிந்து, பிறகு மாலையில் தாமாகவே திரும்பும். தீனியையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் அவ்வாரத்தில் மாற்றற்க. முதல் சில இரவுகள் மூலைகளில் வைக்கோலைத் திணித்து வளைவாக்கினால் குவிந்து நெரிபடுதல் குறையும். பெரிய கோழிகளோடு உடனே கலத்தலும் ஆகாது. கொத்துப்படுவதோடு, பெரியவற்றிடமுள்ள நோயும் சிறியவற்றைப் பற்றும்.

வெளிக்கூண்டைப் பொறுத்தவரையில் நம் கரைக்கு ஏற்ற பொருள்கள் நம் கரையிலேயே கிடைக்கின்றன. எட்டு வாரம் வரையில் குஞ்சு ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் வேண்டும். ஆகவே 40 குஞ்சுகளுக்கு 8 அடி நீளம் 5 அடி அகலமுள்ள கூண்டு தக்கது. அதனைத் தெருமட்டத்திற்கு மேல் இரண்டடி உயர்ந்த திட்டின்மேல், அல்லது சவுக்கங்கழிக் கால்களின்மேல் பரண்போல் அமைத்தல் வேண்டும். மேலே கீற்று வேய்க. உப்புக் காற்றில் இரும்புக் கம்பிவலை விரைவில் துருப்பிடித்து ஓட்டையாகும்; அவ்வோட்டை வழியே கீரி புகும். ஆகையால் கீழ் இரண்டடியை மூங்கிற் பிளாச்சு அல்லது சவுக்குமிலாறு கொண்டு நெருக்கமாய்க் கட்டி, மேற்பாகத்திற்கு மீன்பிடிக் குப்பங்களில் மலிவாய்க் கிடைக்கும் பழைய வலையை இழுத்துக் கட்டலாம். தளர்ந்த வலையில் குஞ்சின் கால் சிக்குமாதலால் விறைப்பாய்க் கட்டுதல் அவசியம். காகம், பருந்து இரண்டையும் அது தடுக்கும். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், வடபுறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஏற்றி இறக்கத்தக்க கீற்றுத்தட்டி கட்டி வைக்க வேண்டும். சித்திரை வெயிலுக்குப் பூவரசு அல்லது வேம்பின் நிழல் இருக்குமிடம் சிறந்தது.

உவரைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. குஞ்சின் சிறுநீரகம் மிகுந்த உப்பைத் தாங்காது. வளர்ந்த கோழி பொறுக்கும் உவர்நீர்கூடக் குஞ்சுக்குக் கேடு. தாகம் மிகுந்து, எச்சம் நீராகி, வயிற்றில் நீர் கோத்துக் குஞ்சு மாளும். நாவில் கரிக்கும் கிணற்று நீரைக் குஞ்சுக்கு வைக்கலாகாது. வீட்டார் குடிக்கும் நீரே குஞ்சுக்கும் உரியது. பண்ணைத் தீனியில் உப்பு முன்னரே அளவாய்ச் சேர்ந்திருப்பதால், கருவாட்டுத் துண்டுகளை அதனோடு கலத்தலும் வேண்டாம். குஞ்சு அளத்தின் கால்வாய்ப் பக்கம் செல்லாதபடி வேலி வைத்தலும் நன்று.

கூண்டின் தரைக்குக் கடற்கரை மணலையோ அளத்து மண்ணையோ பரப்புவோர் உண்டு. உவர்மண் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானும் ஈரமாகிக் கூளத்தையும் ஈரமாக்கும். நெல் உமியோ உலர்ந்த கடலைத்தோலோ மூன்று நான்கு அங்குலம் பரப்புவதே முறை. பூஞ்சணம் பிடித்த கடலைத்தோலைத் தள்ளிவிட வேண்டும். கூளத்தைக் கையிலெடுத்து அழுத்தினால் உருண்டையாய் நில்லாமல் உதிர வேண்டும். ஈரக்கூளத்திலேதான் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி முதிர்ந்து பெருகுகிறது. அந்நோய் பற்றும் வயதும் இம்மாறுதல் நடைபெறும் மூன்று முதல் எட்டு வாரமேயாதலால், உலர்ந்த தரை பாதி மருந்துக்குச் சமானம்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியே காப்பு. குஞ்சு வாங்கும்போது முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டுமருந்து கொடுக்கப்பட்டதா என்று கேட்டறிக. எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி போடப்பட வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடைபெறுவது வழக்கமாதலால், பொங்கலை ஒட்டி வந்த குஞ்சுகளின் எட்டாம் வாரம் அதனையடுத்தே வரும். தவறியவற்றிற்குக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம். தைமாதத்தை விரும்ப இதுவும் ஒரு காரணம். கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் திரளும் அதன் ஓரங்களில் குஞ்சுகளை மேய விடாதிருத்தல், கோழிக்கும் நல்லது, அப்பறவைகளுக்கும் நல்லது.

ஏற்கெனவே மழைக்காலத்தில் குஞ்சு வாங்கிவிட்டவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அவர்கள் செய்யத்தக்கது ஒன்றே: எட்டு வாரம் நிரம்பி, மழை விடும் வரையில் வீட்டின் உலர்ந்த மூலையை அவற்றிற்கு ஒதுக்குதல். புயலில் மின்சாரம் நிற்கும்போது அகன்ற கூடையில் வைக்கோலிட்டு, குஞ்சுகளை நெருக்கமாய் வைத்து, மேலே காற்றுப் புகுமாறு சாக்கினால் மூடினால் அவற்றின் உடற்சூடே அவற்றைப் பெரிதும் காக்கும். கரிச்சட்டி வைப்போர் அறையை முற்றும் அடைத்தலாகாது. கரியிலிருந்து எழும் நச்சுவாயு குஞ்சையும், அங்கு உறங்கும் மனிதரையும் கொல்லும்.

கடைசியாகக் கிராமத்தின் கடமையைக் கூறுவோம். 1920-களில் மார்த்தாண்டத்தில், அக்காலத்துத் திருவிதாங்கூரில், டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம் உயர்ந்த இனக் கோழிகளை மட்டும் கொடுத்து நிற்கவில்லை. அவற்றைப் பேணும் வகையைக் கற்பித்து, முட்டையைக் கூட்டாய் விற்கவும் வழி செய்தது. அந்த அனுபவம் நமக்கும் உதவும். பயனாளிகளின் பட்டியலோடு நம் வேலை முடிந்ததென எண்ணாமல், உயர்ந்த தரையில் கூண்டு எழுந்திருக்கிறதா, நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று நேரிற் பார்த்த பின்னரே குஞ்சு கொடுத்தல் வேண்டும். கூண்டு முன், குஞ்சு பின் என்பதே விதியாகட்டும். தாழ்ந்த இடத்தில் குடியிருக்கும் அளத் தொழிலாளருக்கு மேட்டு நிலத்தில் கூண்டு வைக்க நாலைந்து அடி இடம் விடுதல் நிலமுடையோருக்குப் பாரமன்று. சில கழிகளும் கீற்றுகளும் கொடுத்தல் அதனினும் எளிது. ஐப்பசி கிராமசபைக் கூட்டத்தில், எந்த மாதத்தில் குஞ்சு வேண்டுமென்று தீர்மானித்துக் கால்நடை பராமரிப்புத் துறைக்கு எழுதியனுப்ப ஊராட்சிகளுக்கு உரிமையுண்டு. மரக்காணம் வட்டத்து ஊராட்சிகள் இவ்வருஷமே அதனைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மழைக்காலத்தில் அளத்து வீடுகளின் கூண்டுகளில் முட்டையிடும் கோழிகள் இருக்க வேண்டுமாயின், இந்த மழைக்காலத்தில் அக்கூண்டுகளில் குஞ்சுகள் இல்லாதிருத்தல் வேண்டும்.